காது கொடுத்துக் கேட்கும் கிளினிக்

தை மாதம் மிஷின் விட்டு நெல் அறுத்த அன்று சாயங்காலமே ஆதிலட்சுமியின் வலது காதுக்குள் ஒரு வண்டு குடிவந்துவிட்டது. வண்டு என்று அவள்தான் சொன்னாள். ஙொய்ங் என்று ஒரே சுருதியில், மூச்சு வாங்காமல், படுத்தாலும் எழுந்தாலும் அது பாடிக்கொண்டே இருந்தது. அவள் புருஷன் முத்துவேல் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

"வண்டுன்னா பறக்கும், ஊறும். ஒரே எடத்துல ஒக்காந்துகினு கத்துமா? அது ஒன் மண்டைக்குள்ள கீற சத்தம்."

நல்லெண்ணெயைக் காய்ச்சி விட்டுப் பார்த்தாள். வெங்காயத்தைச் சுட்டுப் பிழிந்து விட்டாள். பக்கத்து வீட்டு ஜெயம்மாள் கற்பூரத்தைத் துணியில் முடிந்து செருகிக்கொள்ளச் சொன்னாள், அதையும் செய்தாள். வண்டு எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டு முன்னைவிடத் தெம்பாகப் பாடியது. போகப்போக அந்தக் காது மந்தமாகவும் ஆனது. வலது பக்கம் நின்று யார் பேசினாலும் ஏரித் தண்ணிக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்டது. ஒரு நாள் ரசத்தில் உப்பு இல்லை என்று முத்துவேல் சொன்னது பருப்பு இல்லை என்று காதில் விழ, அவள் இன்னும் கொஞ்சம் பருப்பைக் கொண்டுவந்து கொட்டினாள். அதற்குப் பிறகுதான் அவர் மனசு இறங்கினார்.

"சரி, கெளம்பு. உத்திரமேரூர்ல ஆளவந்தார் கிளினிக்ல காட்டிக்கினு வந்துடலாம்."

திருப்புலிவனத்துக்காரர்களுக்கு வியாதி என்று ஒன்று வந்தால் ஆளவந்தார் கிளினிக்தான். பெரிய டாக்டர் ஆளவந்தார் இருந்தவரை அது ஒரே ஒரு அறை. காய்ச்சல், பேதி, வயிற்றுவலி எது என்று போனாலும் ரோஸ் கலரில் ஒரே மருந்தைத்தான் ஊற்றிக் கொடுப்பார். பாதிப் பேருக்குக் குணமாகும். மீதிப் பேருக்கு அவர் போட்ட அதட்டலில் வியாதி மறந்துபோகும். கண் மங்கியதும் அவர் பெங்களூரில் மகள் வீட்டோடு போய் இருந்துகொண்டார். மகன் ஜெகன் உட்கார்ந்தான்.

ஜெகன் கெட்டிக்காரப் பையன். மெரிட்டில் சீட்டு வாங்கிப் படித்தவன். அப்பாவைப் போல யாரையும் அதட்டுகிறவனும் இல்லை. ஆனால் சென்னையில் ஏதோ ஒரு நட்சத்திர ஓட்டலில் நடந்த பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டு வந்தான். அன்றிலிருந்து எல்லாம் மாறியது. நோயாளி என்று சொல்லக்கூடாது, விருந்தாளி என்றுதான் நினைக்கவேண்டும் என்று அங்கே சொல்லிக்கொடுத்திருந்தார்களாம். பழைய அறையை இடித்து, கண்ணாடிக் கதவு வைத்து, ஏசி மாட்டி, மீன் தொட்டி வைத்து, மூலையில் புஸ்ஸென்று மல்லிகை வாசனை அடிக்கிற ஒரு மிஷினையும் வைத்து, 'ஆளவந்தார் ஃபேமிலி கேர்' என்று நீல விளக்கில் பெயரையும் எழுதிவிட்டான். வியாதி இல்லாதவர்கள்கூட வெயில் நேரத்தில் உள்ளே வந்து கொஞ்ச நேரம் மீன் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஆதிலட்சுமியும் முத்துவேலும் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனபோது, நீலக் கோட்டுப் போட்ட ஒரு பெண் கை கூப்பினாள்.

"வணக்கம் மேடம், வெல்கம் டு ஆளவந்தார் ஃபேமிலி கேர்."

ஆதிலட்சுமி உற்றுப் பார்த்தாள். "நீ நம்ம ஊரு ஜான் பொண்ணு சோபியாதானே?"

"ஆமாம்மா... ஆமா மேடம்," என்று சோபியா குரலைத் தாழ்த்தினாள். "இங்க மேடம்னுதான் கூப்பிடணும். கேமரா கீது."

முத்துவேல் ஏசிக்கு நேர் கீழே இருந்த சோபாவில் உட்கார்ந்து உடனே கண்ணை மூடிக்கொண்டார். ஆதிலட்சுமியின் பயணம் ஆரம்பித்தது. முதலில் எடை பார்த்தார்கள். பிறகு சுவரோடு நிறுத்தி உயரம் பார்த்தார்கள். இந்த வயதில் உயரம் எதற்கென்று அவளுக்குப் புரியவில்லை, ஆனாலும் நிமிர்ந்து நின்றாள். அப்புறம் பிரஷர், விரலைக் குத்திச் சர்க்கரை, நெற்றிக்கு நேரே துப்பாக்கி மாதிரி ஒன்றை நீட்டிக் காய்ச்சல். ஒவ்வொன்றுக்கும் ஒரு மேசை, ஒவ்வொரு மேசைக்கும் ஒரு வரிசை. கடைசி மேசையில் மறுபடி சோபியாவே வந்து உட்கார்ந்து, வரிசையாக மூஞ்சிகள் வரைந்த ஒரு அட்டையை நீட்டினாள். முதல் மூஞ்சி சிரித்தது, கடைசி மூஞ்சி தாரை தாரையாக அழுதது.

"உங்க வலி எந்த மூஞ்சி மாதிரி கீதுன்னு தொட்டுக் காட்டுங்க மேடம்."

"எனக்கு வலியே இல்லியே. காதுல சத்தம்தான் கீது. ஙொய்ங்னு."

"சத்தத்துக்கு மூஞ்சி இல்ல மேடம். வலிக்குத்தான் கீது."

"அப்ப எத்தத் தொடச் சொல்ற? காலைல நாஷ்டா துன்னதுதான். நின்னு நின்னு கால்தான் கடுக்குது."

சோபியாவின் முகம் மலர்ந்தது. "கால் வலி!" என்று சொல்லிக்கொண்டே கையிலிருந்த கம்ப்யூட்டர் பலகையில் எதையோ தட்டினாள். அழுகிற மூஞ்சிக்கு முந்தின மூஞ்சியையும் அவளே தொட்டுவிட்டாள்.

டாக்டர் அறைக்குள் போனால், ஜெகன் கம்ப்யூட்டருக்கு எதிரில் உட்கார்ந்திருந்தான். கும்பிட்டான். சிரித்தான். அதற்குப் பிறகு அவன் கண் திரையைவிட்டு அகலவில்லை.

"கால் வலி எத்தனை நாளாம்மா இருக்கு?"

"காலு ஒண்ணுமில்ல நைனா. காதுதான். தை மாசத்துலேர்ந்து..."

"மாடி ஏறும்போது வலிக்குதா?"

"எங்க வூட்ல மாடியே இல்ல நைனா. காதுல வண்டு மாதிரி..."

"கீழ உட்கார்ந்து எழுந்தா மூட்டு சத்தம் போடுதா?"

"மூட்டு போடல. காதுதான் போடுது."

ஜெகன் அப்போதுதான் விரலை நிறுத்தினான். அவன் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. "அம்மா, இங்க ஒரு விசிட்டுக்கு ஒரு பிரச்சனைன்னு ரூல் வெச்சிருக்கோம். அப்பதான் அந்த ஒரு பிரச்சனையை ஆழமா, முழு கவனத்தோட பாக்க முடியும். இன்னிக்கு உங்க பேர்ல கால் வலி ஏறிடுச்சு. காதை அடுத்த விசிட்ல தனியா பாத்துடலாம். சரியா?"

மேசைமேல் இருந்த ஒரு சின்ன விளக்கு பச்சையிலிருந்து சிவப்பாக மாறியது. நேரம் முடிந்ததென்று அர்த்தம். கால் வலிக்கு ஒரு களிம்பு, ஒரு மாத்திரை, பஞ்சு வைத்த ஒரு முட்டிப் பட்டை எழுதிக் கொடுத்தான்.

வெளியே வரும் வழியில் சுவரில் ஒரு பெட்டி. அதில் சிரிக்கிற பொத்தான், சும்மா பார்க்கிற பொத்தான், முறைக்கிற பொத்தான் என்று மூன்று இருந்தன. எங்கள் சேவை எப்படி, அமுக்கிவிட்டுப் போகவும் என்று எழுதியிருந்தது. குடவோலை போட்டு ஆளைத் தேர்ந்தெடுத்ததைக் கல்லில் வெட்டி வைத்த ஊர் இது. பானைக்குள் கைவிட்டு எடுக்கச் சின்னப் பிள்ளையைத்தான் விட்டார்கள், வேண்டியவனைப் பார்த்து எடுக்கமாட்டான் என்று. இங்கே அந்த வேலையைச் சோபியா பார்த்துக்கொண்டாள். ஆதிலட்சுமி பெட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே சோபியாவின் விரல் சிரிக்கிற பொத்தானை அமுக்கிவிட்டது.

"ஒரு போட்டோ மேடம். இங்க பாருங்க."

அந்த நேரம் பார்த்து மேலே ஸ்பீக்கரில் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள். சத்தம் வலது காதுக்குள் ஆணி மாதிரி இறங்கியது. ஆதிலட்சுமி பல்லைக் கடித்துக்கொண்டு காதைப் பொத்தக் கையைத் தூக்கினாள். கை காதுக்குப் பக்கத்தில் குவிந்து நிற்கும்போது, கடித்த பல் வெளியே தெரிகிற நேரம் பார்த்து, சோபியா படம் எடுத்தாள்.

மாசி மாதம் ஒரு நாள் காலையில் ஜெயம்மாள் உத்திரமேரூர்ச் சந்தையிலிருந்து கறிகாயைக்கூட வாங்காமல் திரும்பி ஓடிவந்தாள்.

"ஏ ஆதி! பஸ் ஸ்டாண்டாண்ட உன்னக் கட்டி வெச்சுகீறாங்க!"

"இன்னாத்துக்கு?"

"பேனர்ல! தென்ன மரம் ஒசரத்துக்கு!"

முத்துவேல் டிவிஎஸ்ஸில் அவளை ஏற்றிக்கொண்டு பறந்தார். ஜெயம்மாள் சொன்னது மெய்தான். ஒரு பக்கம் கண்ணீர் அஞ்சலி, இன்னொரு பக்கம் யார் வீட்டுப் பிள்ளைக்கோ காதணி விழா. நடுவில் ஆதிலட்சுமி. அவள் நெல் மூட்டை எண்ணப் போகும்போது கட்டுகிற அதே பச்சைப் புடவை. முகத்தை மட்டும் கம்ப்யூட்டரில் வெளுப்பாக்கியிருந்தார்கள். கடித்த பல், தூரத்திலிருந்து பார்த்தால் வாய் நிறையச் சிரிப்பு. காதுக்குப் பக்கத்தில் குவித்த கை, யாரோ சொல்வதை ஆசையாகக் கேட்பது போல இருந்தது. தலைக்கு மேலே கொட்டை எழுத்தில் இப்படிப் போட்டிருந்தார்கள்:

'உங்களை நாங்கள் காது கொடுத்துக் கேட்கிறோம்!'

ஆதிலட்சுமிக்கு உடம்பெல்லாம் கூசியது. முத்துவேலுக்கோ நெஞ்சு விம்மியது.

"பக்கத்துல கீற கட்சிக்காரன் படம்கூட உன்னிது பாதிதான் கீது, பாத்தியா?" என்றார். டீக்கடையில் இருந்தவர்கள் அவருக்கு எழுந்து இடம் விட்டார்கள். அன்றைக்கு அவர் வீட்டுக்குத் திரும்ப மதியம் ஆனது.

பேஜார் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. கூரத்திலிருந்து தங்கை மங்கம்மா போன் போட்டாள். "நீ நர்ஸ் வேலைக்குப் போறத எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா அக்கா?" என்று கோபித்துக்கொண்டாள். தெருவில் பார்த்தவர்களெல்லாம் தங்கள் வியாதியைச் சொல்ல ஆரம்பித்தார்கள். பேனரிலேயே எழுதியிருக்கிறதே, கேட்பாள் என்று. அதுவும் வலது பக்கமாகவே வந்து நின்று சொன்னார்கள். பாதிதான் அவளுக்குக் கேட்டது. மீதிக்குத் தலையை ஆட்டினாள். இருசப்பன் என்ற ஒருவர், பக்கத்துத் தெருக்காரர், தம் மூலநோயின் சரித்திரம் முழுவதையும் சொல்லி முடித்து, "ஒங்கிட்ட சொன்னதுமே பாதி கொறஞ்ச மாதிரி கீது தாயி," என்று கும்பிட்டுவிட்டுப் போனார். அவர் என்ன சொன்னார் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

பேனரிலிருந்து படத்தை எடுத்துவிடச் சொல்வதற்கும் காதைக் காட்டுவதற்குமாகச் சேர்த்து ஆதிலட்சுமி மறுபடி கிளினிக்குக்குப் போனாள். ஒரு விசிட்டுக்கு ஒரு பிரச்சனை என்பது நினைவில் இருந்தது. ஆகவே காதை மட்டும் சொல்வது, படத்தை விட்டுவிடுவது என்று ஷேர் ஆட்டோவிலேயே முடிவு செய்துகொண்டாள். சோபியாவிடம் "காது, காது, காது" என்று மூன்று தரம் சொல்லிப் பதிய வைத்தாள். எடை பார்த்தார்கள். உயரம் பார்த்தார்கள். போன தடவையைவிட வளரவில்லை.

டாக்டர் அறைக்குள் நுழைந்ததும் ஜெகன் நாற்காலியைவிட்டே எழுந்துவிட்டான்.

"வாங்கம்மா, வாங்க! எங்க கிளினிக்கோட முகமே நீங்கதான். பேனர் பாத்தீங்களா? காஞ்சிபுரத்துலேர்ந்துலாம் ஆளுங்க வராங்க."

"பாத்தேன் நைனா. இந்தக் காது..."

"அந்தக் காதுதாம்மா சூப்பர்! கையை அப்படி வெச்சீங்க பாருங்க, காசு குடுத்தாக்கூட எந்த மாடலுக்கும் அந்த போஸ் வராது. இயற்கையா வந்திருக்கு."

"வலிச்சது, அதான் வெச்சேன்."

"அதான் சொல்றேன், இயற்கை."

அவளோடு சேர்ந்து நின்று ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டான். டீ வரவழைத்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, வரும் புதன்கிழமை தரச் சான்று கொடுக்கிறவர்கள் வருகிறார்கள், நோயாளிகளின் சார்பில் அவள்தான் வந்து இரண்டு வார்த்தை சொல்லவேண்டும் என்று கேட்டுக்கொண்டான். பெரிய இடத்து ஆட்கள், அவர்களில் ஒருவர் டெல்லியில் பெரிய டாக்டராக இருந்தவர் என்றான்.

அவன் குரலைத் தாழ்த்திச் சொன்னது அவளுக்கு வலது பக்கமாகத்தான். ஆனாலும் 'புதன்கிழமை', 'பெரிய டாக்டர்' என்ற இரண்டும் அவள் காதில் தெளிவாக விழுந்தன. விளக்கு சிவப்பானது. அவள் கவலைப்படவில்லை. புதன்கிழமை பெரிய டாக்டர் வரப்போகிறார். அவரிடம் காட்டிவிடலாம்.

புதன்கிழமை கிளினிக் கல்யாண வீடு மாதிரி இருந்தது. வாசலில் வாழை மரம் கட்டாததுதான் குறை. இருமுகிறவர்களையும் அழுகிற குழந்தைகளையும் நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் திடகாத்திரமானவர்கள், பெரும்பாலும் ஜெகனின் சொந்தக்காரர்கள். சோபியா ஆதிலட்சுமியை மூலைக்கு அழைத்துப் போய்ச் சொல்லிக்கொடுத்தாள்.

"அவங்க இன்னா கேட்டாலும் 'நல்லா கவனிக்கிறாங்க'ன்னு சொல்லுங்கம்மா. அவ்ளோதான்."

"காதப் பத்தி சொல்லலாமா?"

"அத்த மட்டும் சொல்லிடாதீங்க. எனக்கு வேல போயிடும்."

ஆதிலட்சுமிக்குச் சங்கடமாகப் போய்விட்டது. ஜான் மகள், பாவம், அந்த நீலக் கோட்டுக்காக வீட்டோடு எவ்வளவு சண்டை போட்டிருப்பாள். சரி, காதைக் காட்டுவதைக் கூட்டமெல்லாம் முடிந்து தனியாக வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

தரச் சான்றுக்காரர்கள் இரண்டு பேர். டை கட்டிய ஒரு பெரியவர், எதையும் பேசாமல் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டே இருந்த ஒரு அம்மாள். மீன் தொட்டியை, வாசனை மிஷினை, தீயணைப்புக் குப்பியை, குப்பைக் கூடையின் நிறத்தை எல்லாம் பார்த்தார்கள். மருந்தை மட்டும் பார்க்கவில்லை. பெரியவர் வந்து ஆதிலட்சுமிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். வலது பக்கம்.

"சொல்லுங்கம்மா. டாக்டர் நீங்க சொல்றதைக் கேக்கறாரா?"

"ஆங்?"

"டாக்டர். கேக்கறாரா?"

அவளுக்கு 'கேக்குதா' என்று விழுந்தது. நல்லா கவனிக்கிறாங்க என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். ஆனால் இவ்வளவு பெரிய டாக்டர் தானாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்து காது கேட்கிறதா என்று விசாரிக்கும்போது பொய் சொல்ல மனசு வரவில்லை.

"கேக்கலைங்க," என்றாள். "சுத்தமா கேக்கல."

மீன் தொட்டியில் குமிழி விடுகிற சத்தம் எல்லாருக்கும் கேட்டது, அவளைத் தவிர. பெரியவர் புருவத்தை உயர்த்தினார். சோபியாவின் முகம் வெளிறியது.

"எப்பலேர்ந்து கேக்கல?"

"தை மாசத்துலேர்ந்து. எத்தினி தபா வந்து சொல்லிட்டேன். ஒண்ணும் பண்ணல."

அந்த அம்மாள் படம் எடுப்பதை நிறுத்திவிட்டு எழுத ஆரம்பித்தாள். அப்போதுதான் ஜெகன் ஒரு எட்டு முன்னால் வந்தான். மெரிட்டில் படித்தவன் என்று முன்பே சொன்னோம்.

"சார், அவங்களுக்குக் காது கேக்காது," என்றான் மெல்லிய குரலில், கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு. "செவித்திறன் குறைஞ்சவங்க. மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை குடுக்கணும்ங்கறது எங்க கொள்கை. அதனாலதான் எங்க விளம்பரத்துலயே அவங்களை முகமா வெச்சிருக்கோம்."

பெரியவர் ஆதிலட்சுமியைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண் கலங்கியிருந்தது. "இத்தனை வருஷத்துல இப்படி ஒரு கிளினிக்கை நான் பாத்ததே இல்லை," என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். எதற்கென்று தெரியாமல் ஆதிலட்சுமியும் தட்டினாள். அவருக்குப் பின்னாலேயே வாசல்வரை ஓடி, "ஐயா, இந்தக் காத ரவோண்டு பாத்து..." என்று கேட்டாள். அவர் அவள் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்துவிட்டுக் காரில் ஏறிக்கொண்டார். அவர் டாக்டரே அல்ல, டெல்லியில் கட்டட இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதை ஆட்டோ ஏற்றிவிட வந்தபோது சோபியா சொன்னாள். வரவேண்டிய டாக்டருக்கு அன்று உடம்பு சரியில்லையாம்.

தரச் சான்று வந்தது. உள்ளூர்ச் செய்தித்தாளில் படத்தோடு போட்டார்கள். 'செவித்திறன் இழந்த பெண்மணியின் நெகிழ்ச்சி' என்று அவள் படத்துக்குக் கீழே இருந்தது.

அதைப் படித்த நாளிலிருந்து ஊரே அவளிடம் கத்திப் பேச ஆரம்பித்தது. நல்ல காதுப் பக்கமும் வந்து கத்தினார்கள். பால்காரர் பேசுவதையே விட்டுவிட்டுக் கை ஜாடை காட்டினார். உதவித்தொகைக்கு மனு எழுதித் தருகிறேன் என்று ஒருவர் வந்தார். மங்கம்மா கூரத்திலிருந்து அழுதுகொண்டே வந்து இறங்கினாள். முத்துவேல் மட்டும் கத்தவில்லை. எதுவாக இருந்தாலும் அவளுக்கு வலது பக்கமாகப் போய் நின்று முணுமுணுத்துவிட்டு, "சொன்னேனே, கேக்கலியா?" என்று சொல்லிப் பழகிக்கொண்டார். வயலுக்கு உரம் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு அவர் டீக்கடையில் உட்கார்ந்திருந்த நாட்களெல்லாம் அப்படித்தான் கழிந்தன.

பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை. ஜெயம்மாளின் மருமகள் கீதா மாசமாக இருந்தாள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கு அன்று பரிசோதனை. ஜெயம்மாளுக்கு நூறு நாள் வேலை இருந்ததால் ஆதிலட்சுமி துணைக்குப் போனாள். அங்கே சோபா இல்லை, மீன் இல்லை. ஒரு மின்விசிறி கடகடவென்று யாருக்கும் காற்று வராமல் சுற்றிக்கொண்டிருந்தது. வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்ற பெண்களின் வரிசை வாசலைத் தாண்டி வேப்ப மரத்தடிவரை போயிருந்தது. உள்ளே ஒரே ஒரு டாக்டரம்மா. சின்ன வயசு, கலைந்த தலை, பக்கத்தில் பாதி கடித்த இட்லி ஒரு தட்டில் காய்ந்துகொண்டிருந்தது. யாரோடும் சிரிக்கவில்லை. எல்லாரையும் திட்டிக்கொண்டிருந்தாள். இரும்பு மாத்திரை சாப்பிடாதவளைத் திட்டினாள், சாப்பிட்டேன் என்று பொய் சொன்னவளை இன்னும் அதிகமாகத் திட்டினாள்.

கீதாவைப் படுக்க வைத்துப் பார்க்கும்போது ஆதிலட்சுமி டாக்டரம்மாவுக்கு வலது காதைக் காட்டியபடி வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"தள்ளி நில்லுங்கம்மா," என்றாள் டாக்டரம்மா.

ஆதிலட்சுமி நகரவில்லை.

"அம்மா, தள்ளி நில்லுங்க!"

அசையவில்லை.

"எத்தனை வாட்டி சொல்றது? காது கேக்கலையா?"

அது மட்டும் கேட்டுவிட்டது. ஆதிலட்சுமி திரும்பினாள். "ஆமாம்மா. கேக்கல," என்றாள்.

டாக்டரம்மா ஒரு நொடி அவளைப் பார்த்தாள். கிண்டல் செய்கிறாளா என்று பார்த்திருப்பாள். பிறகு கீதாவின் வயிற்றிலிருந்து கையை எடுத்தாள்.

"எந்தக் காது?"

"இது."

"எத்தனை நாளா?"

"நெல் அறுத்ததுலேர்ந்து. ஙொய்ங்னு..."

முழுக்கச் சொல்லி முடிக்குமுன் டாக்டரம்மா அவள் காது மடலைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போய்விட்டாள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் இழுத்ததற்குப் பிறகு அந்தக் காதை யாரும் அப்படிப் பிடித்ததில்லை. டார்ச் அடித்து, இப்படித் திருப்பி, அப்படித் திருப்பிப் பார்த்தாள்.

"உள்ள என்னத்தையெல்லாம் ஊத்தி வெச்சிருக்கீங்க? எண்ணெயா?"

"எண்ணெ. அப்பால வெங்காயம். ரவ கற்பூரம்."

"சாம்பார் மட்டும்தான் வைக்கலை. அறிவிருக்கா உங்களுக்கு? அழுக்கு இறுகிக் கெடக்கு, நடுவுல ஏதோ குத்திக்கிட்டிருக்கு. இந்தச் சொட்டு மருந்தை விடுங்க. வெள்ளிக்கிழமை வாங்க. வேற எதையாவது ஊத்தினீங்க, உள்ளயே விடமாட்டேன்."

வெள்ளிக்கிழமை போனாள். அசைந்தால் நான் பொறுப்பில்லை என்று மிரட்டிவிட்டு, டாக்டரம்மா சின்ன இடுக்கி ஒன்றை விட்டு மெல்ல இழுத்தாள். வெல்லப் பாகு நிறத்தில் ஒரு உருண்டை வந்தது. அதிலிருந்து பூனை மீசை மாதிரி ஒரு நெல் சுணை நீட்டிக்கொண்டிருந்தது. அதை ஒரு தட்டில் போட்டுவிட்டு, "அடுத்து யாரு?" என்றாள். அவ்வளவுதான். தலையில் கை வைத்து ஆசீர்வாதம் எல்லாம் இல்லை.

ஆதிலட்சுமி வேப்ப மரத்தடிக்கு வந்து நின்றாள். திடீரென்று உலகம் முழுக்க அவள் வலது பக்கத்தில் வந்து விழுந்தது. ஒரு காக்கை, ஒரு டிராக்டர், யாரோ ஒருத்தியின் கொலுசு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டாள். வீட்டில் போய் யாரிடமும் சொல்லவில்லை. அன்று மத்தியானம் முத்துவேல் அவளுக்கு வலது பக்கமாக வந்து நின்று, "டீக்கடைக்குப் போறேன். உரக்கடைன்னு நெனச்சுக்க," என்று முணுமுணுத்தபோது, "போறதுதான் போற, எனக்கும் ஒரு பஜ்ஜி வாங்கியா," என்றாள். அவர் அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நாளில் முத்துவேலுக்கே முழங்காலில் வலி வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம் என்றாள் அவள். அவர் கேட்கவில்லை.

"அந்தம்மா திட்டும்ன்றியே. நான் காசு குடுத்து மரியாதையா பாத்துக்கறேன். ஆளவந்தார்ல ஏசில ஒக்காந்தாலே பாதி வலி போயிடும்."

போனார்கள். எடை, உயரம், மூஞ்சி அட்டை. இந்த முறை மெய்யாகவே கால் வலி என்பதால் எல்லாம் சுலபமாக நடந்தது. உள்ளே ஜெகன் அவளைப் பார்த்ததும் எழுந்தான். வாய் அசைவதை அவள் பார்த்துப் புரிந்துகொள்ளட்டும் என்று மெதுவாக, அகலமாக வாயைத் திறந்து, "எப்படி இருக்கீங்கம்மா?" என்று கத்தினான்.

"மெதுவா பேசு நைனா. எனக்கு நல்லா கேக்குது."

"கேக்குதா?" அவன் முகம் பிரகாசமானது. "பாத்தீங்களா! நம்ம ட்ரீட்மென்ட்!"

"இன்னா ட்ரீட்மென்ட்?" என்றாள் ஆதிலட்சுமி. அவள் குரலில் கோபமில்லை. மெய்யாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "நீ ஒரு தபாவாவது என் காதப் பாத்தியா நைனா?"

ஜெகன் பழக்கத்தில் திரையைப் பார்த்தான். "காது நார்மல்னுதானே இதுல..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். அறைக்குள் வாசனை மிஷின் புஸ்ஸென்றது.

"உள்ள நெல் சொண. கவுர்மென்ட் ஆஸ்பத்திரில எடுத்தாங்க," என்றாள்.

அவன் அலமாரியைத் திறந்து ஒரு பெட்டியை எடுத்தான். கண்ணாடிக் காகிதம்கூடப் பிரிக்காத புதுப் பெட்டி. காதுக்குள் பார்க்கிற கருவி. பிரித்து, பேட்டரி போட்டு, அவளுக்குப் பக்கத்தில் வந்து குனிந்தான். இந்தக் கிளினிக்கில் டாக்டர் வைத்தியம் பார்க்க நாற்காலியைவிட்டு நோயாளியின் பக்கத்துக்கு வந்ததை அவள் அன்றுதான் பார்த்தாள்.

"சுத்தமா இருக்கு," என்றான் சின்னக் குரலில். ஏதோ அவனே சுத்தம் செய்தது போல ஒரு சந்தோஷம், அதற்குள்ளேயே ஒரு வெட்கம். பிறகு யாரும் சொல்லாமலே இடது பக்கம் வந்தான். அங்கே ரொம்ப நேரம் பார்த்தான். "அம்மா, இதுலயும் கொஞ்சம் அழுக்கு சேந்திருக்கு. எண்ணெய் எதுவும் விடாதீங்க. சொட்டு மருந்து தரேன்."

விளக்கு சிவப்பானது. கண்ணாடிக்கு வெளியே சோபியா எட்டிப் பார்த்தாள். ஜெகன் அந்த விளக்கின்மேல் ஒரு துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து முத்துவேலின் முழங்காலைப் பிடித்தான். அமுக்கினான், மடக்கினான், நீட்டினான், எந்த இடம், எப்போதிலிருந்து, எதைத் தூக்கியபோது என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். பதிலுக்குக் காத்திருந்தான். முத்துவேல் மிரண்டுபோய் மனைவியைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். கடைசியில் மாத்திரைகூட எழுதவில்லை. பயப்பட ஒன்றுமில்லை, கொஞ்ச நாள் மூட்டை தூக்காதீர்கள், இந்தப் பயிற்சியை வீட்டில் செய்யுங்கள் என்று அவனே காலை நீட்டி மடக்கிக் காட்டினான்.

வெளியே வெயிலில் ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும்போது முத்துவேல் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"இன்னா டாக்டரு இவன். அவ்ளோ மிஷின் வெச்சுகினு கையால அமுக்கிப் பாக்குறான். அங்க வலிக்குதா இங்க வலிக்குதான்னு நம்மளையே கேக்குறான். இவனுக்கு ஒண்ணும் தெரியாது போல கீது. பெரியவர் பேர இவன் காப்பாத்த மாட்டான். காஞ்சிவரத்துல வேற நல்ல டாக்டரா பாக்கணும்."

ஆட்டோ வந்து நின்றது. ஆதிலட்சுமி முதலில் ஏறி, தள்ளி உட்கார்ந்து, அவர் வலிக்கிற காலை நீட்டிக்கொள்ள இடம் விட்டாள்.